எடை குறைத்து விற்கும் பக்கத்துக் கடைக்காரர்

அண்ணே, பக்கத்துக் கடைக்காரர் கிலோவுக்கு 100 கிராம் எடையில் அடித்துக்கொண்டு தக்காளியை 36 ரூபாய்க்கு விற்கிறார், 40 சொல்லும் என்னிடம் ஆள் வருவதில்லை, நானும் அதே வழிக்கு இறங்கிவிடவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 900 கிராம் 36 ரூபாய் என்றால் முழுக் கிலோ 40தான். அவர் உங்களைவிட ஒரு பைசாகூடக் குறைத்து விற்கவில்லை.

நானும் காய்கறிக் கடை வைத்திருந்தவன். அவரைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேசாதீர்கள், வயிற்றெரிச்சல் என்றுதான் நினைப்பார்கள். நான் தராசின் எண் வாங்குபவருக்குத் தெரியும்படி திருப்பி வைத்தேன். பக்கத்திலேயே முத்திரை போட்ட ஒரு கிலோ எடைக்கல். சந்தேகம் வந்தால் அவர்களே வைத்துப் பார்க்கட்டும். ஒருநாள் ஒரு பாட்டி வேறு கடையில் வாங்கிய வெங்காயத்தைக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தார். 880 கிராம்! நான் வாயே திறக்கவில்லை, தெரு முழுக்கப் பாட்டியே சொல்லிவிட்டார்.

அப்புறம், எலக்ட்ரானிக் தராசுக்கு வருடாவருடம் முத்திரை வைக்க வேண்டும். புகார் கொடுப்பதென்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் கொடுங்கள். 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி அவர் தராசைப் பறிமுதல் செய்யலாம். ஆனால் வருகிறவர் உங்கள் தராசையும் பார்ப்பார், அதன் முத்திரைத் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.