பணம் கட்டியது நீங்கள். டொமைன் யார் பேரில்?

பவானியில் ஜமக்காளம், பெட்ஷீட் விற்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஈரோட்டில் ஒருவரிடம் ஹோஸ்டிங்கோடு சேர்த்து டாட் காம் பெயரும் வாங்கினேன். இப்போது வேறு ஹோஸ்டிங்குக்கு மாறலாம் என்றால், 'டொமைன் எங்க அக்கவுண்ட்ல இருக்குதுங்க, குடுக்க முடியாது' என்கிறார். பெயர் எனக்குச் சொந்தமா, அவருக்கா? வீட்டு விலாசமும் செல் நம்பரும் ஊருக்கே தெரியுமா?"

ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) மாற்ற டொமைனையும் (தளத்தின் பெயர்) இடம் மாற்ற வேண்டியதில்லை. பெயரைத் தேடுவோரைத் தளம் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் நேம்சர்வரை மாற்றினாலே தளம் புது இடத்துக்குப் போய்விடும். ஆனால் அதை மாற்றும் லாகின் அவர் கையில் இருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

தோட்டத்துக்குப் பணம் யார் கொடுத்தாலும் பட்டாவில் யார் பேர் என்றுதானே பார்ப்போம்? டொமைனில் அந்த இடம் 'ரெஜிஸ்ட்ரன்ட்' என்ற கட்டம். டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகானின் (ICANN) லுக்அப் பக்கத்தில் தேடினால் எந்த ரெஜிஸ்ட்ராரிடம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதி என்பது தெரியும். பேர் மட்டும் பெரும்பாலும் மறைந்திருக்கும். 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு இப்படி ஆகிவிட்டது. மறைந்திருப்பதால் உங்களுடையது இல்லை என்று ஆகாது. உங்கள் மெயிலைத் துழாவுங்கள். பதிவின்போது சரிபார்ப்புச் செய்தியும், காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதமும் ஒரு வாரமும் முன்பு நினைவூட்டலும் ரெஜிஸ்ட்ரன்டுக்குப் போக வேண்டும். எதுவுமே வந்ததில்லை என்றால் அவர் தன் மெயிலைக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

பேர் உங்களுடையது என்றால் ஆத் கோடு கேளுங்கள்; டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராரிடம் உங்கள் அக்கவுண்டுக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு அது. மறுத்தால் அவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம், ரெஜிஸ்ட்ராருக்கே எழுதுங்கள். கேட்ட 5 நாளுக்குள் அவர்கள் தர வேண்டும். தராவிட்டால் ஐகானிடம் புகார் செய்யலாம். பதிந்து 60 நாள் ஆகாத பெயரைப் பொதுவாக மாற்ற முடியாது.

அவர் பேரில் இருந்தால் கஷ்டம்தான். பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் காட்டி, பேரை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். டொமைன் தகராறுகளுக்கு ஐகான் வைத்திருக்கும் தீர்வு முறையான யுடிஆர்பி (UDRP) வழக்குக்குக் கடைப் பெயரில் டிரேட்மார்க் உரிமை வேண்டும், அவருடைய கெட்ட எண்ணத்தையும் நிரூபிக்க வேண்டும். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று அதை நீட்டிப் பயனில்லை. அது ஊர்ப் பொருளுக்கான பாதுகாப்பு, உங்கள் கடைக்கானது அல்ல.

அப்புறம் விலாசம். பொய் விலாசம் கொடுக்காதீர்கள், பெயரையே முடக்கிவிடலாம். பொதுவில் காட்டாமல் இருக்கத்தான் பிரைவசி வசதி. அதிலும் 'ப்ராக்ஸி' வகையில், ஆவணப்படி ரெஜிஸ்ட்ரன்ட் அந்தச் சேவை நிறுவனமே. அதனால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுச் சேருங்கள். டாட் இன் பெயர்களுக்கு இந்தச் சேவைகளை, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி (NIXI) அமைப்பு அனுமதிப்பதில்லை. வீட்டை விட்டுக் கடை விலாசமும் தனி சிம்மும் கொடுப்பதே நல்லது. தொடர்பு மெயில் மட்டும் அதே டொமைனில் இருக்க வேண்டாம்; டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும், மீட்கும் வழியும் அடைபடும்.

காலாவதி நெருங்கியிருந்தால் சண்டையைத் தள்ளிவைத்து, முதலில் அவர் மூலமாகவே புதுப்பித்துவிடுங்கள். டாட் காம் பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் கட்டணம் தீட்டிவிடுவார்கள். அதன்பின் 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.