பிள்ளையின் எடையும் பரம்பரையும்: கேள்வி பதில்

பிள்ளைகளின் எடை பற்றி வந்த கேள்விகளுக்குக் குழந்தைகள் நல மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நானும் கணவரும் குண்டு. ஆறு வயது மகளும் அப்படித்தான் ஆவாளா, டாக்டர்?

வாய்ப்பு அதிகம்தான், ஆனால் நிச்சயம் என்று இல்லை. டென்மார்க்கில் தத்துப் போன 540 பேரை வைத்து 1986இல் ஓர் ஆய்வு வந்தது. வளர்ந்த பிறகு அவர்கள் உடல்வாகு பெற்றவர்களோடுதான் ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு அல்ல. அந்த அளவுக்கு மரபணுவுக்குப் பிடி உண்டு. ஆனால் நம் தாத்தா காலத்திலும் இதே மரபணுக்கள்தானே? அப்போது வகுப்புக்கு இத்தனை குண்டுப் பிள்ளைகள் இல்லை. மாறியது தீனியும் ஓட்டமும் தூக்கமும்.

எந்த ஜீன் இதைச் செய்கிறது?

ஒன்றிரண்டு இல்லை, ஏராளம். 2007இல் தெரியவந்த எஃப்டிஓ (FTO) என்ற மரபணு கொஞ்சம் பிரபலம். அதன் எடை கூட்டும் வடிவம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்திருந்தால், பெரியவர்களானபின் சராசரியாக 3 கிலோ கூடுதல், அவ்வளவுதான். இப்படிச் சிறுசிறு மாற்றங்கள் எல்லாம் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் பெரிதாகத் தெரியும். 2019இல் வந்த ஓர் ஆய்வில், மரபணு ஆபத்து மிக அதிகமாக இருந்த பத்தில் ஒரு பங்கினருக்கும் மிகக் குறைவாக இருந்தவர்களுக்கும் பிறந்தபோது எடையில் வித்தியாசமே இல்லை எனலாம். 18 வயதில் அது சுமார் 12 கிலோ!

இவற்றில் பெரும்பாலானவை வேலை செய்வது மூளையில். பசியிலும் வயிறு நிறைந்த உணர்விலும். மூன்றாவது தோசைக்குப் பிறகும் கை நீட்டும் பிள்ளைக்கு நிஜமாகவே இன்னும் பசிக்கிறது. அதைப் பேராசை என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு வயதிலேயே எடை எக்கச்சக்கமாக ஏறுகிறது. எப்போதும் சாப்பாடு கேட்டு அழுகிறான்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்து வயதுக்குள் வரும் கடும் பருமனோடு அடங்காத பசியும் இருந்தால், ஒற்றை மரபணுக் கோளாறா என்று பார்க்க வேண்டும். இவை அரிது. 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், சொந்தத்தில் திருமணம் செய்யும் ஒரு பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளைக் கண்டார்கள். ஒன்று எட்டு வயதில் 86 கிலோ, மற்றொன்று இரண்டு வயதில் 29 கிலோ. இருவருக்கும் லெப்டின் என்ற ஹார்மோனே சுரக்கவில்லை. அதை ஊசியாகப் போட ஆரம்பித்ததும் பசி அடங்கி எடை இறங்கியது. மாமன் மகள், அக்கா மகள் திருமணம் நம் ஊரிலும் உண்டு. உங்களுடையதும் அப்படி என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கைக்குழந்தையில் துவண்டு, பால் குடிக்கத் திணறி, பிறகு பசி தலைகீழாக மாறினால் பிராடர்-வில்லி என்ற பிறவி மரபணுக் கோளாறோ என்ற சந்தேகம் வரும். கூடுதல் விரல், கண் பார்வைக் குறை இருந்தால் அவை வேறு மரபணுக் கோளாறுகளுக்கான குறிப்புகள்.

தைராய்டாக இருக்குமோ?

உயரத்தைப் பாருங்கள். தைராய்டு கோளாறில் பெரும்பாலும் உயர வளர்ச்சி மந்தமாகிவிடும். வயதுக்கு நல்ல உயரமும் கூடவே எடையும் என்றால் தைராய்டாக இருப்பது அபூர்வம்.

எனக்கு 15 வயது. தம்பி எவ்வளவு தின்றாலும் ஒல்லி. வீட்டில் எனக்கு மட்டும் திட்டு.

உடன்பிறந்தவர்களுக்கு மரபணு சராசரியாகப் பாதிதான் ஒன்று. இதை வீட்டில் காட்டு. உனக்குத் தனித் தட்டு, தனிச் சட்டம் வேண்டாம். ஜூஸ், சிப்ஸ் வாங்குவதை நிறுத்தினால் ஒல்லித் தம்பிக்கும் சேர்த்தே நிறுத்தட்டும். பட்டினி மட்டும் கிடக்காதே.

ஆன்லைனில் ஜீன் டெஸ்ட் விற்கிறார்களே, எடுக்கலாமா?

சாதாரணப் பருமனுக்கு வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் நான் சொல்லப்போகும் சாப்பாடும் விளையாட்டும் மாறாது. அந்தக் காசில் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை எடுங்கள், ரத்த அழுத்தமும் பாருங்கள்.