கணிதம் கேட்கும் மகளுக்கு மேனேஜ்மென்ட் கோட்டா எதற்கு?

கரூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். தண்ணீரும் காற்றும் ஓடும் விதத்தைச் சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைப் பற்றிப் படித்ததிலிருந்து கணிதம்தான் என்று நிற்கிறாள். சித்தப்பாவும் மாமாவும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பேசிவிட்டார்கள். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தால் பணம் புரளுமாம். "விடையே இல்லாத கணக்கைப் படித்து என்ன செய்வாள்?" என்று கேட்கிறார்.

கவலை புரிகிறது ஐயா. ஆனால் பத்திரத்தில் கை வைக்காதீர்கள். பிள்ளை கேட்காத படிப்புக்குக் கடன் வாங்குவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவளைப் பிடித்திருக்கும் கேள்வி என்ன தெரியுமா? குழாயில் ஓடும் தண்ணீர், வீசும் காற்று எல்லாவற்றுக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே சமன்பாடு எழுதிவிட்டார்கள். தட்டையான இரு பரிமாண ஓட்டத்தில் சிக்கல் இல்லை. சீராகத் தொடங்கினால் என்றும் சீராகவே இருக்கும் என்று நிரூபித்தாயிற்று. முப்பரிமாணத்தில்தான் மாட்டிக்கொண்டோம். ஒவ்வொரு புள்ளியிலும் இல்லாமல் சராசரியாக மட்டும் சமன்பாட்டுக்குப் பொருந்தும் ஒருவகைத் தளர்வான தீர்வு எப்போதும் உண்டு என்று 1934இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெரே காட்டினார். அது கடைசிவரை சீராக இருக்குமா, நடுவில் எங்காவது வேகம் எல்லையில்லாமல் எகிறுமா என்பது இன்னும் தெரியாது. அப்படி எகிறினாலும் அந்தப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கோட்டின் நீளத்துக்குக்கூடத் தேறாது என்று 1982இல் கஃபரெல்லி, கோன், நிரென்பர்க் என்ற மூன்று கணித அறிஞர்கள் நிரூபித்தார்கள். பதினேழு வயதில் இதில் மனம் போவது கோளாறு இல்லை ஐயா, கொடுப்பினை.

இந்தக் கேள்விக்கு விடை காண்பவருக்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசை மறந்துவிடுங்கள். அதை நம்பி யாரும் இந்தத் துறைக்கு வருவதில்லை. வானிலைக் கணிப்பு, விமான இறக்கை, ரத்த ஓட்டம் என்று இதே வகைச் சமன்பாடுகளை வைத்து நடக்கும் வேலை ஏராளம்.

இனி, உங்கள் உறவினர்கள் யாரும் சொல்லியிருக்காத வழி. பெங்களூரு எலஹங்காவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பயன்பாட்டுக் கணித மையம் இருக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் ழாக்-லூயி லியோன்ஸின் துணையோடு 1970களில் வேர்விட்ட இடம். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள்தான் (partial differential equations) அதன் உயிர்; உங்கள் மகளைப் பிடித்த நேவியர்–ஸ்டோக்ஸும் அந்த வகைதான். பி.எஸ்சி. முடித்ததுமே நேராக ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்குப் போகலாம்; எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்காணல். எந்தக் கல்லூரியில் படித்தாள் என்பதைவிட, ஒரு நிரூபணத்தைச் சொந்தமாக எழுதத் தெரியுமா என்பதைத்தான் பார்ப்பார்கள். படிக்கும் காலத்தில் உதவித்தொகையும் உண்டு.

ஆக, பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமே போதும். கட்டணம் உங்கள் கைக்கு அடங்கும். கல்லூரிப் பாடத்தில் விடுபடுவதை ஈடுகட்ட, 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். (Mathematics Training and Talent Search) என்ற கணிதக் கோடை முகாமுக்கு விண்ணப்பிக்கட்டும். அங்கே ஆசிரியர் விடையை எழுதிப் போட்டுவிட்டுப் போக மாட்டார். மாணவரைப் பலகைக்கு அழைத்து, ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்பார்.

ஒரே ஒரு சோதனை. பரீட்சை முடிந்ததும் ஐ.ஐ.டி.க்களின் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் (NPTEL) இலவசமாகக் கிடைக்கும் மெய்ப்பகுப்பாய்வுப் (real analysis) பாடத்தை அவள் பார்க்கட்டும். நிரூபணங்களோடு உட்கார முடியவில்லை என்று அவளே வந்து சொன்னால், மாற்றுப் படிப்பு பற்றி அவளோடு உட்கார்ந்து பேசலாம். அதுவரை கோட்டா சீட்டுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.