துபாஷி நடுவில் நின்றால் தீர்ந்துவிடுமா?

கேள்வி: ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காமல் இரு வேறு பண்பாட்டினர் அல்லற்படுவதை வைத்து எழுதப்படும் நாடகங்களை விமரிசகர்கள் ஏதோ பெரிய தத்துவம் போலக் கொண்டாடுகிறார்களே? இரண்டு மொழியும் தெரிந்த துபாஷி ஒருவர் நடுவில் நின்றால் தீர்ந்துவிடும் சிக்கல்தானே அது?
— வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: அப்படி ஒருவன் நடுவில் நிற்கும் நாடகம் ஒன்று இருக்கிறது. அவன் நிற்பதால்தான் அதில் சிக்கலே முற்றுகிறது.

அயர்லாந்து நாடகாசிரியர் பிரையன் ஃபிரீலின் ‘டிரான்ஸ்லேஷன்ஸ்’ 1980 செப்டம்பர் 23 அன்று வட அயர்லாந்தின் டெரி நகர கில்ட்ஹாலில் அரங்கேறியது. கதை நடப்பது 1833-இல், டோனிகோல் பகுதியில் பெய்ல் பெக் என்னும் கற்பனைச் சிற்றூரில், பழைய தொழுவம் ஒன்றில் நடக்கும் பள்ளிக்கூடத்தில். நில அளவைக்கு வந்த ஆங்கிலேயப் படையினர், வரைபடத்தில் ஏற்றுவதற்காக ஊர்ப் பெயர்களையெல்லாம் ஆங்கில வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். அவர்களிடம் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கும் துபாஷி ஓவன், அந்தப் பள்ளி ஆசிரியரின் சொந்த மகன். அவன் பெயரையே அவர்கள் ‘ரோலண்ட்’ என்று தவறாக அழைக்கிறார்கள். அவனும் நெடுநாள் திருத்தாமல் விட்டுவிடுகிறான்.

முதல் அங்கத்தில் கேப்டன் லான்சி, சிறு பிள்ளைகளிடம் பேசுவதுபோல ஊராரிடம் உரக்கப் பேசுகிறார். அவர்களில் ஒருவரான ஜிம்மி ஜாக், லத்தீன் பேச வருமா என்று அவரை லத்தீனிலேயே கேட்கிறார். தமக்கு கேலிக் (ஐரிஷ்) மொழி தெரியாது என்று பதில் சொல்கிறார் கேப்டன்! கந்தல் உடுத்திய அந்தக் கிழவர் கிரேக்கக் கவி ஹோமரை மூலத்தில் படிப்பவர். பேரரசின் அதிகாரிக்கோ லத்தீனைக் கேட்டால் அது லத்தீன் என்றுகூடத் தெரியவில்லை. பிறகு, நில மதிப்பையும் வரியையும் திருத்தி அமைப்பதற்கே இந்த அளவை என்று அவர் விளக்க, உங்களுக்குச் சட்டப்படி உரியது எது என்பதை இனி நீங்கள் திட்டமாக அறிந்துகொள்ளலாம் என்று ஓவன் அதை இனிப்பாக்கித் தருகிறான். இரு மொழியும் அறிந்தவன், இரு தரப்புக்கும் நல்லவனாக இருக்க விரும்பியவன், தெரிந்தே செய்த மொழிபெயர்ப்பு இது. கேப்டன் சொன்னது வேறு, நீ சொன்னது வேறு என்று அண்ணன் மேனஸ் கேட்கும்போது அவன் சிரித்து மழுப்புகிறான்.

இதற்கு நேர் எதிராக, துபாஷி இல்லாத ஒரு காட்சி இரண்டாம் அங்கத்தில் வருகிறது. அளவைப் படையின் லெப்டினன்ட் யோலண்டுக்கு ஐரிஷ் தெரியாது. ஊர்ப் பெண் மாய்ராவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவளுக்கு மனப்பாடமான ஒரே ஆங்கில வாக்கியம், இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், வசந்த விழாவுக்கு நடும் மேபோல் கம்பத்தைச் சுற்றி ஆடுவதைப் பற்றியது. அதன் பொருளும் அவளுக்குத் தெரியாது. அவள் அதைச் சொன்னதும் அவன் துள்ளுகிறான்; ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டோமோ என்று அவள் பதறுகிறாள். பிறகு அவர்கள் ஊர்ப் பெயர்களை மட்டும் மாறி மாறிச் சொல்லி நெருங்குகிறார்கள். பகலில் அவன் அழித்துக்கொண்டிருக்கும் அதே பெயர்கள்தாம்.

மேடையில் இவ்விருவருமே பேசுவது ஆங்கிலம் என்பதுதான் ஃபிரீலின் துணிச்சல். ஊரார் பேச்சை ஐரிஷ் என்று நாம் பாவித்துக்கொள்ள வேண்டும். பார்வையாளருக்கு எல்லாம் விளங்குகிறது, பாத்திரங்களுக்கு விளங்கவில்லை என்பதால் சிரிப்பு வருகிறது. ஐரிஷிலேயே எழுதியிருந்தால் அன்று டெரியில் அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புரிந்திருக்காது என்பது நினைவுக்கு வரும்போது அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. இதைத் தமிழில் போட விரும்புவோர் ஊராரைத் தமிழிலும் படையினரை ஆங்கிலத்திலும் பேசவைக்கலாம் என்றுதான் முதலில் எண்ணுவார்கள். தயவுசெய்து வேண்டாம், நாடகத்தின் முதுகெலும்பே அதில் முறிந்துவிடும்.

(நாடகம் காட்டுவதுபோல் அளவைப் படையினர் குடியானவர்களை வெளியேற்றியதில்லை என்றும், பெயர்களை ஆராய்ந்த ஜான் ஓ’டோனவன் போன்றோர் ஐரிஷ் அறிஞர்களே என்றும் வரலாற்றாசிரியர்கள் குறை கண்டார்கள். நியாயமான குறைதான்; நாடகத்தை வரலாற்றுப் பாடநூலாக வைத்துக்கொள்வோருக்கு அது பயன்படும்.)

உங்கள் கேள்விக்கு நேரான விடை மூன்றாம் அங்கத்தில் இருக்கிறது. யோலண்ட் காணாமற்போனதும் லான்சி திரும்பி வருகிறார். 24 மணி நேரத்தில் கால்நடைகள் கொல்லப்படும், 48 மணி நேரத்தில் வெளியேற்றம் தொடங்கும் என்று அறிவித்து ஊர்களின் புதுப் பெயர்களை வாசிக்கிறார். அவர் ‘ஸ்வைன்ஃபோர்ட்’ என்றால் ஓவன் ‘லிஸ் நா முக்’ என்கிறான். தான் உடனிருந்து மாற்றிய பெயர்களையே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பெயர்க்கிறான். இம்முறை எதையும் மழுப்பவில்லை. பிறகு கேப்டன் சாராவின் பக்கம் திரும்புகிறார். ஊமை என்று ஊரார் ஒதுக்கிய அந்தப் பெண்ணுக்குத் தன் பெயரைச் சொல்ல மேனஸ் கற்றுக்கொடுத்ததில்தான் நாடகமே தொடங்குகிறது. பெயர் என்ன என்ற அதட்டலுக்கு அவள் வாய் திறந்து மூடுகிறது, ஓசை எழவில்லை. அவளுக்காக ஓவன் பேசுகிறான். அவள் ஊர் எது என்ற கேள்விக்கு ‘பன் நா ஹவன்’ என்று பழைய பெயரைச் சொல்கிறான். எங்கே என்று மீண்டும் கேட்கிறார் கேப்டன். மீண்டும் அதையே சொல்கிறான். மூன்றாம் முறை அவர் உறுமியபோது ‘பர்ன்ஃபுட்’ என்கிறான்.