செவலைக் கன்னு: ஊசி மாறவில்லை

மயிலைப் (சாம்பல் நிற) பசுவுக்குக் காங்கேயம் காளையோட சினை ஊசி போட்டும் கன்னு செவலையா (செந்நிறமா) விழுந்திருக்குன்னு ஊசி போட்டவர் மேல சந்தேகப்படாதீங்க. காங்கேயம் கன்னு பிறக்கும்போதே செவலைதானுங்க. ஆறு மாச வாக்கில் சாம்பலுக்கு மாறும். எங்க கட்டுத்தறியில் செங்கல் நிறத்துல ஒண்ணு விழுந்துச்சு. கழுத்து முடியை விலக்கிப் பார்த்தப்போ அடியில சாம்பல் எட்டிப் பார்த்துச்சு, அன்னிக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது!

இப்பவே பார்க்கணும்னா கன்னுக்குத் திமில் மேடு இருக்கான்னு தடவிப் பாருங்க. ஊசி போட்ட தேதியில் இருந்து ஏறக்குறைய 280 நாள் வருதான்னும் எண்ணுங்க. ரொம்ப முந்தியோ பிந்தியோ இருந்தா, மேய்ச்சல்ல வேற காளை சேர்ந்திருக்கலாம்.

ஒண்ணு மட்டும்: வளர்ந்தும் செவலையாவே நின்னா கலப்புன்னு முடிவு கட்டிராதீங்க. காங்கேயத்துலயே செவலை உண்டு. உறுதியா தெரியணும்னா மரபணுச் சோதனைதான். அடுத்த தடவை உறைவிந்துக் குச்சியில் (சினை ஊசிக்கான விந்து இருக்கிற சின்னக் குழாய்) அச்சடிச்ச காளை எண்ணைக் குறிச்சு வைங்க.