டல்செட்: நாவிலிருந்து செவிக்கு வந்த சொல்

கேள்வி: கரகரத்த குரலுடைய ஒரு கிரிக்கெட் வர்ணனையாளரைப் பற்றி ஆங்கில நாளிதழ் ஒன்று ‘டல்செட் டோன்ஸ்’ (dulcet tones) என்று எழுதியிருந்தது. அகராதியோ டல்செட்டுக்கு ‘இனிய’ என்று பொருள் சொல்கிறது. எது தவறு?

பதில்: இரண்டும் சரியே. எழுதியவர் வஞ்சப்புகழ்ச்சியாக எழுதியிருக்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல் பெரும்பாலும் ‘டோன்ஸ்’ என்னும் துணையோடுதான் வெளியே வருகிறது. குறட்டையையும் அதட்டலையும்கூட அவ்வாறு சொல்வார்கள். ‘தலைவர் திருவாய் மலர்ந்தருளினார்’ என்று நாம் சொல்லும்போது அதில் எவ்வளவு பக்தி இருக்கிறதோ, அவ்வளவுதான் இதிலும் இருக்கிறது.

கேள்வி: தொடக்கத்திலிருந்தே இது ஓசையைக் குறித்த சொல்லா?

பதில்: இல்லை, சுவையையும் குறித்தது. இனிமையைக் குறிக்கும் ‘டல்சிஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ‘டூசெட்’ என ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு இலத்தீன் மூலத்தை ஒட்டி எழுத்து திருத்தப்பட்டது. இடைக்கால ஆங்கிலச் சமையலில் பாலும் முட்டையும் சேர்ந்த ஓர் இனிப்புப் பண்டத்துக்கே அந்தப் பழைய பெயர் இருந்தது. ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667இல் வெளியிட்ட ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் இரு பொருளும் உண்டு: ஐந்தாம் பகுதியில் வானதூதனுக்கு விருந்து சமைக்கும் ஏவாள், பருப்புகளைப் பிழிந்து பக்குவப்படுத்தும் பாலேடு டல்செட், முதல் பகுதியில் நரகத்தில் சாத்தானின் மாளிகை எழும்பும்போது ஒலிக்கும் இசையும் டல்செட். நரகத்துக்கு இன்னிசையை வைத்த குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: டல்சிமர் இசைக்கருவி இதன் உறவா?

பதில்: ஆம். இலத்தீன் ‘டல்சிஸ்’ உடன், பாட்டைக் குறிக்கும் கிரேக்க ‘மெலோஸ்’ சேர்ந்தது என்பதே வழக்கமான விளக்கம். சந்தூர் போலச் சிறு கோல்களால் தந்திகளைத் தட்டி வாசிப்பார்கள்.

கேள்வி: பழைய மருந்து நூலொன்றில் ‘டல்சிஃபைட் ஸ்பிரிட் ஆஃப் நைட்டர்’ என்று கண்டேன். சர்க்கரை சேர்த்தார்களா?

பதில்: சேர்க்கவில்லை. நைட்ரிக் அமிலத்தைச் சாராயத்தோடு சேர்த்து வடித்து, அதன் கடுமையைத் தணித்ததையே இனிப்பாக்குதல் என்றார்கள். உவர்ப்பில்லாத கிணற்று நீரை நாம் ‘நல்ல தண்ணீர்’ என்பதுபோல, உறுத்தல் நீங்கியதே அவர்களுக்கு இனிமையாக இருந்தது.

கேள்வி: மொழிபெயர்க்கும்போது ‘தேனொழுகும்’ என்று எழுதலாமா?

பதில்: அதை ‘மெல்லிஃப்ளுவஸ்’ என்ற சொல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தேன், ஒழுகுதல் என்னும் இலத்தீன் சொற்கள் இரண்டும் அதில் அப்படியே இருக்கின்றன. 1598இல் ஃபிரான்சிஸ் மியர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் ஷேக்ஸ்பியரைப் புகழ எடுத்த சொல்லும் அதுவே. டல்செட்டுக்கு நம்முடைய ‘தீம்’ பொருந்தும், ஏனெனில் தீம்பால் என்றால் நாவுக்கும் தீங்குரல் என்றால் செவிக்கும் அது இசைகிறது. ஏவாளின் பாலேட்டுக்குத் ‘தீஞ்சுவை’ என்றே எழுதுங்கள். நாளிதழின் கேலிக்கு மட்டும் அது போதாது. அங்கே ‘அமுத கானம்’ என்று சற்று மிகையாக எழுதினால்தான் குத்தல் தெரியும்.