கொசுத்தேனீ: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: வீட்டுச் சுவரில் பிசின் குழாய் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளேயிருந்து கொசு மாதிரிப் பூச்சி வருகிறது. மருந்து அடிக்கலாமா அண்ணா?

அடிக்கவே வேண்டாம் தம்பி. அது கொசுத்தேனீ. கொடுக்கு தேய்ந்துபோன இனம், கொட்டாது, கூட்டைக் கலைத்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். அந்தக் குழாய் அதன் வாசல்.

கேள்வி: சுவரை இடிக்காமல் பெட்டிக்கு மாற்ற முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். வாசல் பிசினை உடையாமல் எடுத்து வைத்துக்கொண்டு, சுவர் ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இடுக்கையெல்லாம் களிமண்ணால் அடைத்துவிட்டு, மறுமுனையைச் சின்ன மரப்பெட்டிக்குள் விடுங்கள். பெட்டியின் எதிர்ப்பக்கம் ஒரு துளை போட்டு அங்கே அந்தப் பழைய பிசினை ஒட்டினால் வாசனை பிடித்து வந்துவிடும். இனி பெட்டி வழியாகத்தான் போக்குவரத்து. சில மாதங்களில் உள்ளேயே கூடு கட்ட ஆரம்பிக்கும். முட்டை அறைகளைப் பார்த்த பிறகே பிரியுங்கள், அவசரப்பட்டுப் பிரித்த பெட்டி ராணி இல்லாமல் அழிந்துபோகும்.

கேள்வி: வருஷத்துக்கு எத்தனை கிலோ தேன் வரும்?

கிலோக் கணக்கே வேண்டாம், நல்ல கூட்டில் அரைக் கிலோ தேறினாலே பெரிது. அடை கிடையாது, திராட்சைக் கொத்து மாதிரி குட்டிக் குட்டி மெழுகுக் குடங்கள்தான், அதைக் குத்தி வடிக்க வேண்டும். புளிப்பாக இருக்கும், தண்ணீர்ச் சத்து அதிகம் என்பதால் வெளியே வைத்தால் நுரைத்துவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு நல்லது என்கிறார்களே?

2020இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் நாட்டுக் கொட்டாத் தேனீக்களின் தேனில் ட்ரெஹலுலோஸ் என்ற சர்க்கரை நிறைய இருப்பதைக் கண்டார்கள். இது ரத்தத்தில் மெதுவாகக் கலக்கும். ஆனால் நம் ஊர் இனம் அந்த ஆய்வில் இல்லை. மருந்து என்று சொல்லி விற்பவரிடம் ஏமாறாதீர்கள்.

கேள்வி: மாடியில் தக்காளி நன்றாகக் காய்க்குமா?

தக்காளிக்கும் கத்தரிக்கும் இதை நம்பாதீர்கள். அந்தப் பூக்களில் மகரந்தம் நன்றாக உதிர, பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைக்கும் தேனீ வேண்டும், இதற்கு அது வராது. வெள்ளரி, பாகல், மா, தென்னை என்றால் தாராளமாக வையுங்கள். என்னைக் கேட்டால் தேனைவிட இதற்காகத்தான் வளர்க்க வேண்டும், சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றுவதால் உழைப்பு உங்கள் தோட்டத்துக்கே கிடைக்கும். அப்புறம், செடிக்கு மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் இருட்டி, எல்லாம் கூட்டுக்குள் அடங்கிய பிறகு அடியுங்கள், பூவில் மட்டும் படவே கூடாது.